பழைய டியூபும் புதிய டயரும்

காலுக்கு ஒரு செருப்பு வாங்க வேண்டுமென்றால் நாம் என்ன செய்கிறோம்? நான்கு கடை ஏறி இறங்குகிறோம். போட்டு நடந்து பார்க்கிறோம். விரல் இடிக்கிறதா, குதிகால் உராய்கிறதா என்று ஆராய்கிறோம். அடிப்பக்கத்தைத் திருப்பித் தட்டிப் பார்க்கிறோம். பிறகுதான் விலை பேசுகிறோம். ஆனால் நம்மையும், நம் பின்னால் அமர்ந்து வரும் தோழரையும் சுமந்துகொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் விரைவில் ஓடுகிற மோட்டார் சைக்கிளுக்கு டயர் வாங்கும்போது மட்டும், கடைக்காரர் எடுத்துக் கொடுத்ததை வாய் பேசாமல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்துவிடுகிறோம். செருப்பிடம் காட்டுகிற அறிவைச் சக்கரத்திடம் காட்டுவதில்லை. நம்மில் பலரிடம் உள்ள குறை இது. என்னிடமும் இருந்தது.

அன்பர்களே! நம் மன்ற மலரில் இலக்கியமும் மொழியும் நாட்டு நடப்பும் பேசப்படுவதே வழக்கம். அவற்றினிடையே டயரைப் பற்றி எழுத இவன் ஏன் வந்தான் என்று நீங்கள் நகைக்கலாம். காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் நடந்த நம் மன்றத்தின் ஆண்டு விழாவில், நிகழ்ச்சி நிரலில் அச்சிட்டிருந்தும் பறையிசை நடைபெறவில்லை. ஏன் என்று பலர் கேட்டனர். 'பறை இசைக்கும் தம்பிக்கு உடல்நலம் இல்லை' என்று மேடையில் சொன்னார்கள். அது பாதி உண்மை. அந்தத் தம்பியின் இடக்கை மணிக்கட்டு முறிந்திருந்தது. முறிந்ததற்குக் காரணம் நான். 400 ரூபாயை மிச்சம் பிடித்ததாக மகிழ்ந்த என் அறியாமை. இது மீதி உண்மை. இதைச் சொல்லாமல் இன்னொரு விழாவில் போய் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

நான் மதுரைப் பக்கத்திலிருந்து முதுகலை வேதியியல் படிக்கப் புனேக்கு வந்தவன். வந்த ஆண்டே, படிப்பு முடித்து ஊர் திரும்பிய அண்ணன் ஒருவரிடம் பழைய பஜாஜ் அவெஞ்சர் 220 க்ரூஸ் ஒன்றை வாங்கினேன். குரூசர் என்று சொல்லப்படும் வகை வண்டி அது. இருக்கை தாழ்வு, கைப்பிடி உயர்வு, கால்களை முன்னே நீட்டிக்கொண்டு, சாய்வு நாற்காலியில் அமர்ந்தது போல் ஓட்டலாம். சக்கரங்கள் கம்பி போட்டவை. அக்கம்பிகள் ரிம்மைத் துளைத்துக்கொண்டு நிற்பதால் அங்கே காற்று தங்காது. எனவே டயருக்குள் டியூப் வேண்டும். முன் டயரின் அளவு 90/90-17. பின் டயரின் அளவு 130/90-15. இந்த எண்களுக்கு என்ன பொருள் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இல்லை.

2024 ஜூன் மாதம். மழை தொடங்கிவிட்டது. பின் டயரோ நடுவில் தட்டையாகி, மொட்டை டயராக நின்றது. நெடுஞ்சாலையில் நேராகவே ஓடும் குரூசர் வண்டிகளுக்கு இது இயல்பு; நடுப்பகுதி முதலில் தேய்ந்து தட்டையாகும். ஓரங்களில் பள்ளம் இருப்பதைக் கண்டு 'இன்னும் நாள் இருக்கிறது' என்று ஏமாறுகிறோம். பிறகு வளைவில் வண்டியைச் சாய்க்கும்போது, தட்டையான இடத்திலிருந்து ஓரத்துக்குச் சட்டென்று விழுவது போல் இருக்கும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வண்டிச் சாமான்களுக்குப் பெயர்பெற்ற நானா பேட்டுக்குச் சென்றேன். என் இந்தி அரைகுறை. மராத்தி அதிலும் குறை. கேள்வி கேட்டால் என் மொழி நகைப்புக்கு இடமாகும் என்ற கூச்சம். கடைக்காரர் டயரைக் கொண்டுவந்தார். அளவு சரி. பழைய டியூபைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: 'டியூப் நன்றாகத்தானே இருக்கிறது? மூன்று ஒட்டுத்தான். எதற்கு 400 ரூபாய் வீண் செலவு?'

மாதக் கடைசியில் ஒரு மாணவனிடம் 'வீண் செலவு' என்று ஒருவர் சொன்னால், அவர் நண்பராகவே தெரிவார். அந்தக் கடைக்காரர் என்னை ஏமாற்ற எண்ணினார் என்று நான் சொல்லமாட்டேன். நன்மை செய்வதாகவே அவர் கருதியிருக்கலாம். வேண்டாம் என்று சொல்லும் அறிவு எனக்கல்லவா இருந்திருக்க வேண்டும்? பழைய டியூபைப் புதிய டயருக்குள் போட்டுத் தந்தார். மிச்சமான பணத்தில் அன்று மாலை அறைத்தோழர்களுக்குச் சிற்றுண்டி வாங்கிக் கொடுத்தேன் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு ஒன்றில், நானும் பறை இசைக்கும் அந்தத் தம்பியும் தாம்ஹிணி மலைச்சாலைக்குச் சென்றோம். மழைக்காலத்தில் அந்த மலையைக் கண்டவர்களுக்குத் தெரியும், பாறைதோறும் அருவி. பார்த்துவிட்டு முள்ஷி ஏரியை ஒட்டித் திரும்பிக்கொண்டிருந்தோம். மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் விரைவில்லை. திடீரென்று வண்டியின் பின்புறம் மீன்வால் போல் இப்படியும் அப்படியும் ஆடியது. 'அண்ணே!' என்று ஒரு குரல். அடுத்த கணம் இருவரும் ஈரத் தார்ச்சாலையில் கிடந்தோம். இருவரும் தலைக்கவசம் அணிந்திருந்தோம். எதிரே லாரி வரவில்லை. இவ்விரண்டினால்தான் இன்று இக்கட்டுரையை எழுதுகிறேன். எனக்குச் சிராய்ப்பு. கையை ஊன்றி விழுந்த தம்பிக்கு மணிக்கட்டு முறிவு; ஆறு வாரம் மாவுக்கட்டு.

மறுநாள் வண்டியை எடுக்கப் போனபோது, சாலையோரத்துப் பஞ்சர் கடைப் பெரியவர் சக்கரத்தைக் கழற்றி டியூபை வெளியே எடுத்தார். ஆணி இல்லை, முள் இல்லை. பழைய ஒட்டுகள் மூன்றும் ஒட்டியபடியே இருந்தன. ஆனால் டியூபின் உடலில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு நெடுகக் கிழிசல். பெரியவர் அதை நகத்தால் தொட்டுக் காட்டி, 'ஜுனி' என்றார். மராத்தியில் 'பழையது' என்று பொருள். வேறொன்றும் அவர் சொல்லவில்லை.

எனக்கோ வெட்கம் தாங்கவில்லை. ஏனெனில், ரப்பரைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். 1839-இல் குட்இயர் என்பவர் ரப்பரையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடேற்றி, உருகாத, உடையாத ரப்பரைக் கண்டார் என்று எழுதினேன். கந்தகம், ரப்பரின் நீண்ட இழைகளை இடையிடையே கட்டிப் போடுகிறது. அதனால்தான் இழுத்துவிட்டால் திரும்புகிறது என்று படம் வரைந்தேன். ஆண்டுக்கணக்கில் இழுபட்டும் சூடேறியும் கிடந்த ரப்பர் முழுதும் பழைய அளவுக்குத் திரும்பாது என்பதையும் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த ரப்பர்தான் என் சக்கரத்துக்குள் இருக்கிறது என்று தோன்றவில்லையே!

நடந்தது இதுதான். பழைய டியூப் பல காலம் பழைய டயருக்குள் விரிந்து கிடந்து நிலையாகவே பருத்துவிட்டது. புதிய டயரின் உட்புறம் அதற்குச் சற்றுச் சிறிது. பெரிய உறையைச் சிறிய தலையணைக்குப் போட்டால் மடிப்பு விழுவது போல், மிஞ்சிய டியூப் உள்ளே மடிந்தது. சக்கரம் சுழலுந்தோறும் டயர் நசுங்கி நிமிர்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் அந்த மடிப்பு உராய்ந்தது. இரண்டு மாதம் உராய்ந்து மெலிந்து, ஒரு நாள் கிழிந்தது. கிழிந்த டியூபிலிருந்து வெளியேறும் காற்று, வால்வுத் துளை வழியாகவும் கம்பித் துளைகள் வழியாகவும் நொடியில் ஓடிவிடும். டியூப் இல்லாத டயரில் ஆணி குத்தினால், ஆணியே அடைப்பாக நின்று காற்று மெல்ல மெல்லத்தான் இறங்கும். டியூப் சக்கரத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது. ஆகவே, டியூப் சக்கர வண்டி வைத்திருப்பவர் மற்றவர்களை விட இருமடங்கு கவனத்தோடு டயர் வாங்க வேண்டும். இதுவே என் முடிவு.

இனி, எப்படி வாங்குவது? என் கருத்தை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, புதிய டயர் வாங்கினால் புதிய டியூபும் வாங்குங்கள். இதில் விதிவிலக்கு வேண்டாம். டியூபின் மேலும் அளவு அச்சிட்டிருக்கும். அது டயரின் அளவுக்கு உரியதா என்று பாருங்கள். சிறிய டியூபைப் பெரிய டயரில் போட்டால் அளவுக்கு மீறி விரிந்து மெலியும். பெரிய டியூபைச் சிறிய டயரில் போட்டால் மடியும். ரிம்மின் உட்புறம், கம்பி முனைகளுக்கும் டியூபுக்கும் நடுவே ஒரு ரப்பர் நாடா இருக்கும். அதையும் மாற்றச் சொல்லுங்கள். சில பத்து ரூபாய்தான் ஆகும். அது விலகினால் கம்பி முனையே டியூபைக் குத்திவிடும். வெளியிலிருந்து வரும் முள்ளுக்கு அஞ்சுகிற நாம், உள்ளே இருக்கும் முள்ளை மறக்கிறோம்.

இரண்டாவது, அளவு. 130/90-15 என்றால் என்ன? டயரின் அகலம் 130 மில்லிமீட்டர். அதன் பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் நூற்றுக்கு 90 பங்கு. அதாவது 117 மில்லிமீட்டர். அது உட்காரும் ரிம்மின் விட்டம் 15 அங்குலம். அதாவது 381 மில்லிமீட்டர். மேலே ஒரு 117, கீழே ஒரு 117, நடுவே 381; முழு விட்டம் 615 மில்லிமீட்டர். பள்ளிக்கூடக் கணக்குத்தான். நம் விடுதியில் ஒரு வழக்கம் பரவியிருக்கிறது. பின் டயர் பருமனாக இருந்தால் வண்டிக்கு வீறு என்கிறார்கள். 'அண்ணே, 140 போடுங்க, சும்மா கும்முன்னு இருக்கும்' என்று எனக்கும் சொன்னார்கள். 140/90-15 போட்டால் விட்டம் 633 ஆகும். 18 மில்லிமீட்டர் கூடும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 57 மில்லிமீட்டர் அதிகம் உருளும். அதனால் மேட்டில் இழுவை சற்றுக் குறையும். இது சிறிய குற்றம். பெரிய குற்றங்கள் வேறு. ரிம் அதே அகலம் இருக்க, டயர் மட்டும் அகன்றால், அதன் இரு கால்களும் உள்ளே நெருக்கப்பட்டு, நெற்றி மட்டும் உருண்டு நிற்கும். செய்தவர் எண்ணிய வடிவில் சாலையைத் தொடாது. பின் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கரத்திலோ, சங்கிலியிலோ உரசவும் கூடும். வண்டி வளைய மறுக்கும். செருப்பு ஒரு விரல் பெரிதானாலே தடுக்கி விழுகிறோம். சக்கரத்துக்கு மட்டும் வேறு நீதி உண்டா?

மூன்றாவது, சுமை. அளவுக்கு அருகில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். என் பின் டயரில் 66பி என்றிருக்கிறது. 66 என்பது 300 கிலோவைக் குறிக்கும் குறியீடு. பி என்ற எழுத்து மணிக்கு 150 கிலோமீட்டர் வரை என்று பொருள்படும். முன் டயரில் உள்ள 49 என்பது 185 கிலோ. பின்புறத்துக்கு ஏன் இத்தனை? குரூசர் வண்டியின் அமைப்பே காரணம். தாழ்ந்த இருக்கையில் பின்தள்ளி அமர்கிறோம். கால்கள் முன்னே இருப்பதால் எழுந்து உடலைத் தாங்கவும் இயலாது. பின்னால் அமர்பவரோ பின் சக்கரத்தின் தலைமேலேயே அமர்கிறார். வண்டி ஏறத்தாழ 160 கிலோ, இருவர் 140 கிலோ, ஊருக்குப் போகும் பை 15 கிலோ, மொத்தம் 315. அதில் பாதிக்கு மேல் பின் சக்கரத்தின் பங்கு. குழியில் இறங்கும்போது அது இன்னும் ஏறும். விலை குறைவு என்பதற்காகக் குறைந்த சுமை எண் கொண்ட டயரை வாங்கலாகாது. மயிலிறகே ஆனாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் எச்சரித்தார். நாம் ஏற்றுவது மயிலிறகும் அன்று.

இதில் ஒன்றை மறவாதீர்கள். அந்த 300 கிலோவைத் தாங்குவது ரப்பர் மட்டும் அன்று. உள்ளே அடைத்த காற்று. காற்றுக் குறைந்த டயர் கூடுதலாக நசுங்கும். நசுங்க நசுங்கச் சூடேறும். டயரும் டியூபும் ஒன்றோடொன்று உராயும். எவ்வளவு காற்று என்பது வண்டியோடு தரும் கையேட்டில் இருக்கிறது. தனியே செல்லும்போது ஓர் அளவு, இருவர் செல்லும்போது பின் சக்கரத்துக்கு அதிகம். வண்டி ஓடிச் சூடேறுவதற்கு முன் அளக்க வேண்டும். டியூப் செய்யப் பயன்படும் பியூட்டைல் ரப்பர் 1937-இல் கண்டுபிடிக்கப்பட்டது. இயற்கை ரப்பரை விடக் காற்றை நன்றாகக் காக்கும். எனினும் மெல்ல மெல்லக் கசியத்தான் செய்யும். வாரம் ஒரு முறை அளப்பது நல்லது.

நான்காவது, வயது. டயரின் பக்கத்தில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் வாரம். பின் இரண்டும் ஆண்டு. 2323 என்றால் 2023-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. விபத்துக்குப் பிறகுதான் என் 'புதிய' டயரில் அந்த எண்ணைத் தேடிப் படித்தேன். 1819 என்றிருந்தது. ஐந்து ஆண்டுகள் கடையில் கிடந்த டயரைப் புதியது என்று கொண்டாடியிருக்கிறேன்! அன்று எங்களை வீழ்த்தியது டயரின் வயது அன்று, டியூபின் வயதே, நியாயத்தை மறைக்கலாகாது. எனினும் ரப்பர் சும்மா கிடந்தாலும் மூப்படையும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் வெப்பமும் அதை இறுக்கும். இறுகிய ரப்பர் ஈரச் சாலையைப் பற்றாது. பாலும் மருந்தும் வாங்கும்போது நாள் பார்க்கிறோம், டயருக்கும் பாருங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது, ரப்பரின் தன்மை. மென்மையான ரப்பர் சாலையை நன்றாகப் பற்றும், விரைவில் தேயும். கடினமான ரப்பர் நெடுநாள் உழைக்கும், மழையில் வழுக்கும். இரண்டும் ஒருங்கே வேண்டும் என்றால் விலை ஏறும். சாலையிலுள்ள நுண்ணிய மேடுபள்ளங்களில் அமிழ்ந்து எழும்போது, தான் ஏற்ற ஆற்றலில் ஒரு பகுதியை வெப்பமாக இழக்கும் ரப்பரே நன்கு பற்றும். அதே இழப்புத்தான் தேய்மானமும் எரிபொருள் செலவும் ஆகிறது. இயற்கையில் எதுவும் இலவசம் இல்லை. நாம் நாள்தோறும் ஓட்டுவது பத்துப் பதினைந்து கிலோமீட்டர். புனேயில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. ஆகவே ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீட்டர் குறைவாக உழைத்தாலும், ஈரத்தில் பற்றுகிற, நீரை வெளியேற்றும் பள்ளங்கள் நன்கமைந்த டயரே மாணவருக்கு ஏற்றது என்பது என் கருத்து. பள்ளத்தின் அடியில் சிறு மேடுகள் இருக்கும். தேய்ந்து அந்த மேட்டளவு வந்துவிட்டால் மாற்றிவிட வேண்டும். 'இந்த மாதம் போகட்டும்' என்பது கூடாது.

எந்தக் கம்பெனி டயர் நல்லது என்று கேட்பீர்கள். நம் விடுதியில் இதற்கு நடிகர்களுக்கு நடப்பது போல் கட்சிப் போராட்டமே நடக்கிறது. ஒருவர், 1946-இல் சென்னைத் திருவொற்றியூரில் பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். நம்முடையது என்பார். இன்னொருவர், மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் டி.வி.எஸ். டயர் செய்கிறார்களே, அதுவன்றோ நம்முடையது என்பார். குமரி மாவட்டத்துத் தம்பி, ரப்பரே எங்கள் மலையில் விளைவது என்று முடித்துவைப்பார். ஊர்ப்பற்று நல்லதே. ஆனால் ஆறு ஆண்டு பழைய புகழ்பெற்ற டயரை விட, உரிய அளவும் சுமையும் கொண்ட, சென்ற மாதம் செய்த, அதிகம் பெயர் பெறாத டயரே மேல். பெயரைப் பார்ப்பதற்கு முன் எண்ணைப் பாருங்கள் என்பதே என் கட்சி.

இனி மாற்றுக் கருத்துக்கு வருகிறேன். என் அறைத்தோழர் சொல்வது: 'டியூப் சக்கரம் போன காலத்துச் சங்கதி. கம்பித் துளைகளைப் பசையால் அடைத்து டியூப் இல்லாமல் ஓட்டலாம். எதற்கு இந்தத் தொல்லை?' அவர் கூற்றில் உண்மை இல்லாமல் இல்லை. 1888-இல் டன்லப் என்ற கால்நடை மருத்துவர் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்றடைத்த ரப்பர்க் குழாயைச் சுற்றினார். அன்றைய ஏற்பாட்டின் வழித்தோன்றல்தான் நம் டியூப். டியூப் இல்லா டயர் பல வகையில் பாதுகாப்பானது என்பதை நானே மேலே எழுதினேன். ஆனால் டியூப் இல்லா டயருக்கென்று செய்த ரிம்மில், டயரின் விளிம்பு நழுவாதபடி தடுக்கும் சிறு மேடு உண்டு. டியூபுக்கென்று செய்த ரிம்களில் பெரும்பாலும் அது இராது. காற்று இறங்கினால் விளிம்பு நடுப்பள்ளத்துக்குள் சரியும். பசையோ வெயிலில் உரியலாம். கம்பியை முறுக்கும் ஒவ்வொரு முறையும் விரிசல் விடலாம். டியூப் இல்லா டயருக்கென்றே கம்பிகளை வேறு வகையில் அமைத்த சக்கரங்கள் இப்போது வந்திருக்கின்றன, அவை வேறு. சக்கரத்தையே முறையாக மாற்றப் பணம் இருந்தால் மாற்றுங்கள். இல்லையேல் டியூப் சக்கரத்தை டியூப் சக்கரமாகவே, ஆனால் ஒழுங்காக வைத்திருங்கள். அதில் இழிவு ஒன்றும் இல்லை. கம்பிச் சக்கரம் குழியில் விழுந்து கோணினாலும் கம்பியை முறுக்கி நேராக்கலாம். எந்த ஊரின் எல்லையிலும் டியூபுக்கு ஒட்டுப் போட ஒருவர் இருப்பார்.

டயரில் டிடி என்று எழுதியிருந்தால் டியூபோடு ஓட்டுவது. டிஎல் என்றால் டியூப் இல்லாமல் ஓட்டத் தக்கது. டிடி டயரை ஒருபோதும் டியூப் இல்லாமல் ஓட்டலாகாது. டிஎல் டயருக்குள் டியூப் போடலாமா என்பதற்குச் செய்தவர்களின் இசைவு வேண்டும், கடையில் கேளுங்கள்.

மாட்டும்போது அருகிலேயே நில்லுங்கள். தேநீர் குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கச் சுவரில் உள்ள அம்புக்குறி சக்கரம் சுழலும் திசையைக் காட்டுகிறதா? டியூப் முறுக்கில்லாமல் உட்கார்ந்திருக்கிறதா? நெம்புகோலால் டியூபைக் கிள்ளிவிட்டார்களா? வால்வு நேராக நிற்கிறதா? வால்வு சாய்ந்திருந்தால் டியூப் உள்ளே நகர்ந்திருக்கிறது என்று பொருள், அடியில் கிழியும். புதிய டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் நூறு நூற்றைம்பது கிலோமீட்டர் வரை வளைவுகளில் அடக்கமாகச் செல்லுங்கள்.

இவற்றில் எதுவும் அரிய அறிவு அன்று. எல்லாம் டயரின் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. சங்க நூல்களின் அருஞ்சொற்களுக்கு உரை தேடும் நாம், கைக்கு எட்டும் தூரத்தில் அச்சிட்டிருக்கும் ஒரு வரியைப் படிக்கவில்லை. மொழி தெரியாத ஊரில் கேள்வி கேட்கக் கூசுகிறோம். நான் கூசினேன். எண்களுக்கு மொழி இல்லை, நண்பர்களே! விரலால் தொட்டுக் காட்டினால் நானா பேட்டிலும் புரியும், நாகர்கோவிலிலும் புரியும். நம் உயிரை மட்டும் பணயம் வைப்பதானால் அது நம் மடமை. பின்னால் ஒருவரை ஏற்றிக்கொண்டபின் அது குற்றம். அவர் டயரைப் பார்க்கவில்லை. நம்மைப் பார்த்தே ஏறுகிறார்.

முடிவாக, மன்றச் செயலருக்கு ஒரு வேண்டுகோள். மன்ற நிதியிலிருந்து காற்றளக்கும் கருவி ஒன்று, கைப்பம்பு ஒன்று, டயர் நெம்புகோல் இரண்டு வாங்கி விடுதியில் பொதுவில் வைக்க வேண்டுகிறேன். அன்று வீணாக மிச்சம் பிடித்த அந்த 400 ரூபாயை இதற்கு என் முதல் நன்கொடையாகத் தருகிறேன்.

மழைக்காலம் மீண்டும் வருகிறது. இரு டயரும் இரு டியூபும் மாற்றிவிட்டேன். அந்தத் தம்பி இப்போதும் என் வண்டியில்தான் வருகிறார். ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் ஏறுமுன் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் ஒரு முறை அழுத்திப் பார்க்கிறார். பார்த்துவிட்டு, 'போலாம், அண்ணே' என்கிறார். அவர் கை முழுக்கக் குணமாகிவிட்டது. அடுத்த விழாவில் பறை ஒலிக்கும், அனைவரும் வருக.